ட்ரீம்காஸ்டும் லினக்ஸும்: இல்லாத எக்ஸ்சேஞ்சை உண்டாக்குவது எப்படி

கேள்வியின் சாரம் இது. அமெரிக்காவில் விற்ற சேகா ட்ரீம்காஸ்ட் விளையாட்டுக் கன்சோல் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. டெபியன் லினக்ஸ் ஓடும் பழைய மடிக்கணினி ஒன்றும் யுஎஸ்பி மோடம் ஒன்றும் உள்ளன. மடிக்கணினி வழியாகக் கன்சோலை இணையத்தில் சேர்க்க வேண்டும். கன்சோலின் மோடத்தையும் யுஎஸ்பி மோடத்தையும் சாதாரண டெலிபோன் கம்பியால் இணைத்து, பிபிபி (மோடம் இணைப்பின் மேல் இணையத் தரவைக் கொண்டுபோகும் நெறிமுறை) அமைப்புக் கோப்புகளை எத்தனை விதமாக மாற்றி எழுதினாலும், டயல் டோன் இல்லை என்று சொல்லிக் கன்சோல் நின்றுவிடுகிறது. பிழை எந்தக் கோப்பில் இருக்கிறது என்பதே கேள்வி.

எந்தக் கோப்பிலும் இல்லை. நீங்கள் இன்னும் பிபிபி வரைக்கும் போகவே இல்லை. இரண்டு மோடங்களை ஒரு கம்பியால் இணைத்துவிட்டால் அது டெலிபோன் லைன் ஆகிவிடாது. லைனில் மின்சாரம் இருக்கும், டயல் டோன் இருக்கும், எண்ணைக் கேட்டு மறுமுனையில் மணியடிக்க ஓர் எக்ஸ்சேஞ்சும் இருக்கும். உங்களிடம் இருப்பது வெறும் செம்புக் கம்பி. இந்த வேலையில் இறங்குகிற பெரும்பாலோர் லினக்ஸைச் சந்தேகித்துக்கொண்டு நாள்களைக் கழிக்கிறார்கள். லினக்ஸ் பக்கத்து வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நேரத்தைத் தின்பது இல்லாத எக்ஸ்சேஞ்ச்தான். ஆகவே இந்தப் பதிலின் பெரும்பகுதியும் அதைப் பற்றியே இருக்கும்.

கன்சோலைப் பற்றி ஓரிரு செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ட்ரீம்காஸ்ட் ஜப்பானில் 1998 நவம்பர் 27 அன்றும், அமெரிக்காவில் 1999 செப்டம்பர் 9 அன்றும் விற்பனைக்கு வந்தது. பக்கவாட்டில் கழற்றி மாட்டக்கூடிய மோடத்துடனேயே அது விற்கப்பட்டது. ஜப்பானிய, ஐரோப்பியக் கன்சோல்களுக்கு 33.6 கிலோபிட் மோடமும் அமெரிக்கக் கன்சோலுக்கு 56 கிலோபிட் மோடமும் கொடுத்தார்கள். 2001 ஜனவரி இறுதியில் சேகா இதன் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. மோடத்தின் இடத்தில் மாட்டுகிற ஈத்தர்நெட் அடாப்டர் ஒன்றும் உண்டு. ஆனால் அது அரிது, விலையும் அதிகம், அதைவிட முக்கியமாக அதை அறியாத விளையாட்டுகள் உண்டு. பல விளையாட்டுகளுக்கு மோடம் ஒன்றுதான் தெரியும் என்பதால், அடாப்டர் வைத்திருப்பவர்கள்கூடக் கடைசியில் டயல்-அப் சர்வர் ஒன்றை அமைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனித்துவிடுங்கள்: அமெரிக்கக் கன்சோலின் மின்வழங்கி 110 வோல்ட்டுக்கானது. நம் வீட்டுச் சுவரில் வருவது 230. இறக்கி மாற்றும் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் செருகினால் மேற்கொண்டு படிக்க வேண்டிய தேவையே இருக்காது.

இனி லைனுக்கு வருவோம். உண்மையான எக்ஸ்சேஞ்ச் ஒவ்வொரு சந்தாதாரரின் இரட்டைக் கம்பியிலும் 48 வோல்ட் நேர்மின்சாரத்தை எப்போதும் வைத்திருக்கும். ரிசீவரை எடுத்தவுடன் சுற்று மூடி, ஏறத்தாழ 20 மில்லிஆம்பியரோ அதற்குச் சற்று மேலோ ஓடத் தொடங்கும். அந்த ஓட்டத்தைக் கண்டுதான் 'இந்த வீட்டில் போனை எடுத்திருக்கிறார்கள்' என்று எக்ஸ்சேஞ்ச் அறிகிறது. மோடமும் லைனை எடுக்கும்போது அதையேதான் செய்கிறது. பல மோடங்களில் கம்பிப் பக்கத்துச் சுற்று இந்த ஓட்டம் இருந்தால்தான் ஒழுங்காக இயங்கும். ஓட்டம் இல்லாத கம்பியில் சில மோடங்கள் மங்கலாகப் பேசும், சில பேசவே பேசா. உங்கள் யுஎஸ்பி மோடமும் கன்சோலும் எந்த வகை என்பதை இணைத்துப் பார்த்தே அறிய முடியும்.

மாற்று ஏற்பாடு மிக எளியது: ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு ரெசிஸ்டர். டெலிபோன் கம்பியின் மேலுறையை நடுவில் இரண்டு அங்குல நீளத்துக்கு உரித்தால் உள்ளே நான்கு கம்பிகளோ இரண்டு கம்பிகளோ தெரியும். நமக்கு வேண்டியவை நடு இரண்டு. பெரும்பாலும் அவை சிவப்பும் பச்சையுமாக இருக்கும். அவற்றில் ஒன்றை மட்டும் வெட்டுங்கள், மற்றதைத் தொடவே வேண்டாம். வெட்டிய இரு முனைகளுக்கு நடுவே பேட்டரியையும் 300 ஓம் அளவிலான ரெசிஸ்டரையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றவையுங்கள். ஒலிச் சமிக்ஞையும் இதே ரெசிஸ்டர் வழியாகத்தான் போக வேண்டியிருப்பதால் அதன் மதிப்பைத் தேவைக்கு மேல் கூட்டாதீர்கள். மோடங்களின் உள்ளே பிரிட்ஜ் ரெக்டிபயர் இருப்பதால் பேட்டரியை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் கெடுதல் இல்லை. 9 வோல்ட் போதவில்லை என்றால் இரண்டு பேட்டரிகளைத் தொடராக வைத்து 18 வோல்ட் ஆக்கிப் பாருங்கள். பிடிவாதமான மோடங்கள் பெரும்பாலும் அதற்குப் பணியும்.

பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று கவலைப்பட வேண்டியதில்லை. இரண்டு மோடங்களும் ஒரே நேரத்தில் லைனை எடுத்திருந்தால்தான் சுற்று மூடும். கன்சோல் சும்மா இருக்கும்போது ஓட்டமே இருக்காது. நல்ல ஆல்கலைன் பேட்டரியின் கொள்ளளவு 500 மில்லிஆம்பியர்-மணி என்று வைத்துக்கொண்டால், 20 மில்லிஆம்பியரில் சுமார் 25 மணி நேரம் விளையாடலாம். ஆனால் பேட்டரி இறங்க இறங்க இணைப்பு தானாக அறுந்துபோகத் தொடங்கும், அப்போது யாரும் முதலில் பேட்டரியைச் சந்தேகிப்பதில்லை. நேற்றுவரை ஓடிய அமைப்பு இன்று ஓடவில்லை என்றால், கட்டளை எதையும் மாற்றுவதற்கு முன் மல்ட்டிமீட்டரை எடுத்துவிடுங்கள். இப்படிப் பேட்டரி வைத்த கம்பியைச் சுவரிலுள்ள உண்மையான டெலிபோன் சாக்கெட்டில் எக்காரணம் கொண்டும் செருகக் கூடாது. மணியடிக்கும்போது அங்கே 90 வோல்ட் வரை மாறுமின்சாரம் வரும்.

அடுத்தது டயல் டோன். இதைத் தாண்ட இரண்டு வழிகள் உள்ளன. டயல் டோனை எதிர்பார்க்க வேண்டாம் என்று அழைக்கும் மோடத்துக்கே சொல்லிவிடுவது முதல் வழி. மோடங்களுக்கான ஹேய்ஸ் கட்டளைத் தொகுப்பில் எக்ஸ் 4 என்பது டயல் டோனுக்கும் பிஸி டோனுக்கும் காத்திரு என்று பொருள்படும், எக்ஸ் 3 என்றால் டயல் டோனுக்குக் காத்திராமல் எண்ணை அழுத்து என்று பொருள். கன்சோலின் உலாவியில் இணைப்பு அமைப்புகளுக்குள் இதற்கு இடம் கிடைத்தால் வேலை முடிந்தது. ஆனால் இதை நம்பி வீடு கட்ட முடியாது. சில விளையாட்டுகள் சேமித்து வைத்த அமைப்பை முழுதாக மதிக்கும், சில தம் வழியிலேயே அழைக்கும்.

இரண்டாவது வழியையே நான் பரிந்துரைப்பேன்: யுஎஸ்பி மோடத்தையே எக்ஸ்சேஞ்ச் போல நடிக்கவைப்பது. குரல் வசதியுள்ள மோடங்களைப் பதிலளிக்கும் இயந்திரமாகப் பயன்படுத்துவதற்காக ஒரு குரல் முறை உண்டு. எஃப்கிளாஸ் 8 என்ற கட்டளையால் அதற்குள் போய், லைனை எடுக்கச் சொல்லி, ஒலிபரப்பும் நிலைக்கு மாற்றினால், நொடிக்கு 8,000 மாதிரிகள் கொண்ட ஒலித்தரவை நாம் அனுப்ப அனுப்ப மோடம் அதைக் கம்பியில் பாடும். அமெரிக்க டயல் டோன் என்பது 350 ஹெர்ட்ஸ், 440 ஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு சுரங்களின் கலவை, அவ்வளவுதான். சாக்ஸ் என்ற ஒலிக் கருவியால் அதை ஒரே வரியில் உண்டாக்கிக் கோப்பாக வைத்துக்கொள்ளலாம். கன்சோல் லைனை எடுத்தவுடன் இந்த ஒலி அதன் காதில் விழும், அது நிம்மதியாக எண்ணை அழுத்தத் தொடங்கும்.

எண்ணின் ஒவ்வொரு இலக்கமும் இரண்டு சுரங்கள். 1 என்றால் 697, 1209 ஹெர்ட்ஸ். குரல் முறையில் இருக்கும் மோடம் இந்தச் சுரங்களைத் தானே அடையாளம் கண்டு, 16 என்ற மதிப்புள்ள ஒரு கட்டுப்பாட்டு பைட்டையும் அதைத் தொடர்ந்து அந்த இலக்கத்தையும் கணினிக்கு அனுப்பும். நீங்கள் எழுதும் நிரல் அதற்காகக் காத்திருக்க வேண்டும். முதல் இலக்கம் வந்ததும் எக்ஸ்சேஞ்ச் செய்வதைப் போலவே டயல் டோனை நிறுத்தி, மீதி இலக்கங்கள் முடிவதற்கு நான்கு நொடி பொறுத்து, மோடத்தைத் தரவு முறைக்கு மாற்றி, ஏடிஏ என்ற கட்டளையைக் கொடுக்க வேண்டும். 'அழைப்பை எடு' என்று அதற்குப் பொருள். கன்சோலில் எந்த எண்ணைப் பதிந்து வைத்தாலும் சரியே, ஏழு ஒன்றுகள் போதும். எண்ணை நீளமாக வைத்தால்தான் தொல்லை: நிரல் நான்காவது நொடியில் பதில் சொல்லத் தொடங்கும்போது கன்சோல் இன்னும் இலக்கங்களை அழுத்திக்கொண்டே இருக்கும்.

இதையெல்லாம் நிரலாக எழுதுவதற்கு முன் ஒருமுறை கையாலேயே செய்து பாருங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். யுஎஸ்பி மோடத்தைச் செருகிக் கெர்னல் பதிவைப் பார்த்தால், சிடிசி ஏசிஎம் என்ற டிரைவர் அதை டிடிஒய்ஏசிஎம் 0 என்ற சாதனமாகப் பதிவு செய்திருக்க வேண்டும். அப்படி வரவில்லை என்றால் உங்களிடம் இருப்பது பெரும்பாலும் மென்பொருள் மோடம். அதன் வேலையில் பாதியை விண்டோஸ் டிரைவர் செய்யும், லினக்ஸில் அது வெறும் பிளாஸ்டிக். முழு வன்பொருள் மோடம் என்று ஒரு கடையின் விளம்பரத்தில் போட்டிருந்ததை நம்பி நான் வாங்கிய முதல் மோடம் அந்த வகைதான். இரண்டு வார இறுதிகள் அதோடு போராடிய பிறகே உள்ளேயிருந்த சில்லின் பெயரைப் படித்தேன். கொனெக்சன்ட் சிஎக்ஸ் 93010 சில்லுள்ள யுஎஸ்பி மோடங்கள் இந்த வேலைக்குப் பொருந்தும், குரல் முறையும் அவற்றில் உண்டு.

சாதனம் தென்பட்டாலும் இன்னொரு கண்ணி இருக்கிறது. இன்றைய லினக்ஸ் வழங்கல்கள் பலவற்றில் மோடம்மேனேஜர் என்ற சேவை பின்னணியில் ஓடும். புதிய சாதனம் வந்தவுடன், இது 4ஜி டாங்கிளோ என்று அது நோண்டிப் பார்க்கும். அந்த நேரத்தில் நீங்கள் அனுப்பும் கட்டளைகளும் அதன் கட்டளைகளும் ஒன்றோடொன்று கலந்து, மோடம் சில சமயம் பதில் சொல்லும், சில சமயம் சொல்லாது. இந்தச் சேவையை நிறுத்திவிடுங்கள். உங்கள் பயனர் கணக்கு டயல்அவுட் குழுவில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு, மோடத்துக்கு நேராகக் கட்டளை அடிக்க உதவும் மினிகாம் நிரலைத் திறந்து ஏடி என்று அடித்தால் ஓகே என்று வர வேண்டும். கம்பியை மோடத்தின் லைன் என்று குறித்த துளையில் செருகுங்கள், போன் என்று குறித்ததில் அல்ல. கன்சோலின் உலாவியை டயல் டோனுக்குக் காத்திராத அமைப்பில் வைத்து அழைக்கச் சொல்லுங்கள். இலக்கங்கள் அழுத்தி முடிந்த அடுத்த நொடியில் மினிகாமில் ஏடிஏ என்று அடியுங்கள். உங்கள் மோடம் 2,100 ஹெர்ட்ஸில் நீண்ட ஒரு சுரத்தை எழுப்பும், இரைச்சலும் கீச்சும் மாறி மாறி வரும், பத்துப் பதினைந்து நொடியில் எல்லாம் அடங்கித் திரையில் கனெக்ட் என்ற சொல்லும் ஓர் எண்ணும் விழும். உடனே அலைக்குறியில் தொடங்கி அடைப்புக்குறிகளும் பொருளற்ற எழுத்துகளும் கலந்த குப்பை வரி ஒன்று வரும், சில நொடிகளுக்கு ஒருமுறை அதே குப்பை மீண்டும் வரும். புதிதாக வருபவர்கள் இதைக் கண்டு ஏதோ கெட்டுவிட்டது என்று கம்பியைப் பிடுங்கிவிடுகிறார்கள். பிடுங்காதீர்கள். 'பிபிபி பேசலாமா' என்று கன்சோல் கேட்கும் கேள்வி அது. அந்தக் குப்பை வந்துவிட்டால் எக்ஸ்சேஞ்ச் வேலை முடிந்துவிட்டது, இனிமேல்தான் உங்கள் கோப்புகளுக்கு வேலை.

கனெக்ட்டுக்குப் பக்கத்தில் 115200 என்று வந்தால் மகிழ்ந்துவிட வேண்டாம். அது உங்கள் கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலான வேகம். லைனின் வேகத்தைக் காட்டும்படி மோடத்துக்குச் சொன்னால் 33,600 அல்லது 31,200 அல்லது அதற்குக் கீழே ஓர் எண் வரும். அமெரிக்க மோடம் 56 கிலோபிட் ஆயிற்றே என்று பலர் கேட்பதுண்டு. வி.90 தரத்தின் 56 கிலோபிட் வேகம் இரண்டு சாதாரண மோடங்களுக்கு இடையே எக்காலத்திலும் கிடைத்ததில்லை. அந்தக் கால இணைய நிறுவனங்களின் முனை எக்ஸ்சேஞ்சுடன் நேராக டிஜிட்டல் இணைப்பில் இருந்தது. நொடிக்கு 8,000 மாதிரிகள், மாதிரிக்கு 8 பிட், ஆக 64,000 பிட். அதிலிருந்து வீட்டுக்கு வரும் திசையில் ஒரே ஒருமுறைதான் டிஜிட்டல் அனலாக் ஆக மாறியது, ஆகவே மாதிரிக்கு 7 பிட்டைக் காப்பாற்ற முடிந்தது, அதுதான் 56,000. வீட்டிலிருந்து போகும் திசையில் அப்போதும் 33,600 தான். உங்கள் மேசையில் இரண்டு முனைகளும் அனலாக் என்பதால் வி.34 தரத்தின் 33,600 என்பதே கூரை. ஆகையால் வி.90 பேச்சுவார்த்தையில் நேரத்தை வீணாக்காமல், ஏடி+எம்எஸ் கட்டளையால் மோடத்தை நேராக வி.34க்கு நிறுத்திவிடுவது நல்லது. இணைப்பு அடிக்கடி அறுந்தால் 28,800க்கோ அதற்குக் கீழேயோ இறக்குங்கள். அந்தக் கால விளையாட்டுகள் அனுப்பிய தரவு மிகக் குறைவு, வேகத்தைக் குறைப்பதால் விளையாட்டில் வேறுபாடே தெரியாது.

கையால் செய்தது ஒருமுறை ஓடிவிட்டால், அதைத் தானாக ஓடவைக்கலாம். பழைய வழிகாட்டிகள் எல்லாவற்றிலும் எம்கெட்டி என்ற நிரலின் பெயரைப் பார்ப்பீர்கள். சீரியல் போர்ட்டைக் கவனித்து, அழைப்பு வந்தால் எடுத்து, வருவது பிபிபி என்று கண்டால் பிபிபி இணைப்பை நடத்தும் பிபிபிடி என்ற பின்னணி நிரலிடம் ஒப்படைக்கும் நல்ல நிரல் அது. ஆட்டோபிபிபி என்ற அதன் வசதி மேலே சொன்ன குப்பை வரியைத்தான் அடையாளம் காண்கிறது. ஆனால் எம்கெட்டி எதிர்பார்ப்பது மணியோசையை. எக்ஸ்சேஞ்ச் இல்லாத கம்பியில் மணி அடிக்க ஆள் இல்லை. எம்கெட்டியை நிறுவி, ரிங் என்ற சொல்லுக்காகப் பதிவுக் கோப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவர்கள் பலர். பேட்டரிக் கம்பிக்கு டயல் டோன் பாடும் சிறு நிரலே பொருத்தம். கனெக்ட் வந்தவுடன் அந்த நிரலே பிபிபிடியைத் தொடங்கிவிடலாம், எம்கெட்டி தேவைப்படாது. ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி வைத்திருப்பவர்களுக்கு இவை அனைத்தையும் கட்டித் தயாராக வைத்திருக்கும் ட்ரீம்பை என்ற வட்டுப்பிம்பம் இருக்கிறது. விளையாடுவது மட்டுமே நோக்கம் என்றால் அதை எடுத்து மெமரி கார்டில் எழுதி, இந்தப் பதிலை இத்துடன் மூடிவிடுவதே புத்திசாலித்தனம்.

எம்கெட்டியையே பயன்படுத்த வேண்டும் என்று ஆசை இருந்தால் அதற்கும் நேர்மையான வழி உண்டு. இணையவழித் தொலைபேசிக்கான அனலாக் அடாப்டர், இரண்டு போன் துளைகள் உள்ளது, பழைய சாமான் சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அதன் ஒரு துளையில் கன்சோல், மறு துளையில் யுஎஸ்பி மோடம். லைன் மின்சாரம், டயல் டோன், மணி எல்லாவற்றையும் அது கொடுக்கும், பேட்டரியும் ரெசிஸ்டரும் வேண்டியதில்லை. ஒரு துளையிலிருந்து மறு துளைக்கு அழைக்கும்படி அதன் டயல் பிளானை (எந்த எண்ணை அழுத்தினால் அழைப்பு எங்கே போகும் என்ற விதியை) எழுத வேண்டும். ஒலிச் சுருக்கத்தை முற்றிலும் தவிர்த்து ஜி.711 என்ற ஒலி வடிவத்தை மட்டும் வைக்க வேண்டும். எதிரொலி நீக்கம், மௌன நீக்கம் இரண்டையும் அணைக்க வேண்டும். மனிதக் குரலைத் திருத்துவதற்காக வைத்த இந்த வசதிகள் மோடத்தின் பேச்சைக் குத்துயிராக்கிவிடும்.

பிபிபி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிபிபிடியின் அமைப்பில் சாதனத்தின் பெயர், 115200 வேகம், பிறகு முக்காற்புள்ளியின் இரு பக்கமும் இரண்டு ஐபி முகவரிகள்: இடப்பக்கம் மடிக்கணினிக்கு, வலப்பக்கம் கன்சோலுக்கு. கன்சோலுக்குக் கொடுக்கும் முகவரி உங்கள் வீட்டு ரவுட்டரின் அதே வலையமைப்பிலிருந்து, ஆனால் ரவுட்டர் தானாகப் பிறருக்கு வழங்காத பகுதியிலிருந்து இருக்கட்டும். அதனுடன் ப்ராக்ஸிஆர்ப் என்ற விருப்பத்தையும் சேர்த்தால், கன்சோலின் சார்பில் மடிக்கணினி ரவுட்டருக்குப் பதில் சொல்லும், கன்சோல் வீட்டு வலையில் நேராகச் செருகியதைப் போலவே தோன்றும். லினக்ஸின் ஐபி டேபிள்ஸில் மாஸ்கரேட் போட்டு, கன்சோலின் முகவரியை மடிக்கணினியின் முகவரிக்குப் பின்னால் மறைத்தும் செய்யலாம், ஆனால் அப்போது முகவரி மாற்றம் இரண்டுமுறை நடக்கும். ஆட்டக்காரர்கள் நேருக்கு நேர் இணையும் விளையாட்டுகளில் அது தலைவலி, ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிட்டாலும் பொட்டலம் மடிக்கணினியோடு நின்றுவிடும். எந்த வழியானாலும் கெர்னலில் ஐபி முன்னனுப்புதலை இயக்கியே ஆக வேண்டும். கன்சோல் இணைந்துவிட்டது, ஆனால் எதுவும் திறக்கவில்லை என்ற புகாரில் பெரும்பாலும் இதுதான் மறந்துபோயிருக்கும்.

பெயரும் கடவுச்சொல்லும் நீங்கள் இட்டதுதான் சட்டம். பிஏபி (பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்க்கும் முறை) ரகசியக் கோப்பில் ஒரு வரி எழுதி, அதையே கன்சோலிலும் பதியுங்கள். பிழைத்திருத்தப் பதிவை இயக்கி வைத்தால் எல்சிபி (பிபிபியின் முதல்கட்டப் பேச்சுவார்த்தை) கோரிக்கைகளும் ஒப்புதல்களும் வரிசையாக வருவதைப் பார்க்கலாம். கோரிக்கைகள் போய்க்கொண்டே இருந்து பதில் வராமல் காலாவதி ஆனால் மறுபடி லைன் பக்கம் போங்கள். எல்சிபி முடிந்து பிஏபியில் நின்றால் ரகசியக் கோப்பைப் பாருங்கள்.

அடுத்துப் பெயர்களின் சிக்கல். எம்எஸ்-டிஎன்எஸ் என்ற விருப்பத்தில் நீங்கள் எழுதும் முகவரியைத்தான் கன்சோல் தன் பெயர்ச் சேவையகமாக (தளத்தின் பெயரைக் கேட்டு ஐபி முகவரியைச் சொல்லும் கணினியாக) எடுத்துக்கொள்ளும். சேகாவும் பிற நிறுவனங்களும் நடத்திய சேவையகங்கள் எப்போதோ மூடிவிட்டன. ஆனால் விளையாட்டு வட்டுக்குள் அவற்றின் பெயர்கள் அப்படியே பொறித்துக் கிடக்கின்றன, வட்டைத் திருத்த முடியாது. ஆகவே அந்தப் பெயரை விளையாட்டு கேட்கும்போது, ரசிகர்கள் நடத்தும் சேவையகத்தின் முகவரியைப் பதிலாகக் கொடுக்கும் பெயர்ச் சேவையகம் வேண்டும். ரசிகர்களே அதற்கெனப் பொதுவில் ஒன்றை நடத்தினால் அதை எழுதிவிடலாம். இல்லாவிட்டால் மடிக்கணினியிலேயே டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறு பெயர்ச் சேவையக நிரலை நிறுவிப் பெயருக்கு ஒரு வரி எழுதினால் முடிந்தது. டிஎன்எஸ்மாஸ்க்கின் இன்னொரு பயன், விளையாட்டு எந்தப் பெயரைத் தேடுகிறது என்பதைப் பதிவில் பார்க்க முடிவது. இணைப்புப் பிழை என்று மட்டும் சொல்லி நிற்கும் விளையாட்டை அந்த ஒரு வரி காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில் ஓட்டிப் பார்க்க பேன்டஸி ஸ்டார் ஆன்லைன் நல்ல தேர்வு. 2000 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த அந்த விளையாட்டு சேவையகத்தோடு மட்டுமே பேசும் வகை, ஆகவே ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டியதில்லை. குவேக் 3 அரினாவும் எளிது. அதன் ட்ரீம்காஸ்ட் பதிப்பில் இருப்பவர்கள் 1.16என் பதிப்பு வைத்திருக்கும் கணினி ஆட்டக்காரர்களோடு ஒரே களத்தில் ஆடலாம். ஆனால் மோடம் இணைப்பில் ஒரு பொட்டலம் போய்த் திரும்பவே 100 மில்லிநொடிக்கு மேல் ஆகும் என்பதையும், எதிரில் இருப்பவர் மவுஸ் வைத்திருப்பார் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு களமிறங்குங்கள். உலாவியைப் பொறுத்தவரை, இன்றைய பாதுகாப்புக் குறியாக்கம் எதுவும் அதற்குத் தெரியாது, ஆகவே பெரும்பாலான தளங்கள் திறக்கா. திறந்தாலும் நொடிக்கு நாலாயிரத்துச் சொச்சம் பைட் என்ற கணக்கில் ஒரு மெகாபைட் பக்கம் வந்து முடிய நாலு நிமிடம் ஆகும். இணைப்பு அமைப்பைக் கன்சோலின் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதுவதற்கு மட்டும் உலாவியைப் பயன்படுத்துங்கள். பேன்டஸி ஸ்டார் ஆன்லைன் அந்த அமைப்பைத்தான் எடுத்துப் படிக்கும்.

உலாவி வட்டை எடுத்துவிட்டு விளையாட்டு வட்டைப் போடும்போது இணைப்பு அறுந்துவிடும், விளையாட்டு தானாக மீண்டும் அழைக்கும். ஆகவே பிபிபிடி முடிந்தவுடன் உங்கள் நிரல் மோடத்தை ஏடிஇசட் கொடுத்துத் துப்புரவாக்கி, ஓகே வந்த பிறகு குரல் முறைக்குத் திரும்பி, டயல் டோனை மறுபடி பாடத் தொடங்கும்படி ஒரு சுழற்சிக்குள் இருக்க வேண்டும். அந்தத் திரும்புதலுக்கு இரண்டு மூன்று நொடி பிடிக்கும். விளையாட்டு அதற்குள் அழைத்துவிட்டு டயல் டோன் இல்லை என்று சொன்னால், எதையும் மாற்றாமல் இன்னொருமுறை அழைக்கச் சொல்லுங்கள்.